கலங்கரை விளக்கத்தில் மாட்டிக்கொண்ட கந்தவேல்

இந்த இதழுக்குப் படம் வரையும் பிரதீபா கேட்டது இரண்டே பக்கம். "கந்தவேல் மறுபடி வர்றான் ஆன்ட்டி. கடைசியில உங்க அனுபவம் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, பழைய ஆளுங்களுக்குப் புடிக்கும்" என்றாள். வாழ்நாள் முழுக்கப் பிறர் பேச்சைப் பலூனுக்குள் எழுதியே பழகியவளிடம் வந்து, பலூன் இல்லாமல் எழுது என்றால் எங்கே நிறுத்துவது என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கம் கூடிப்போனால் திட்டு அவளுக்குத்தான்.

கந்தவேலைத் தெரியாதவர்கள் காசு கொடுத்து இந்த இதழை வாங்கியிருக்க மாட்டீர்கள். ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து இரவல் வாங்கிப் படிக்கும் புண்ணியவான்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். மாலுமி கந்தவேல் எங்கள் காஞ்சிபுரத்தில் வரைந்து, இங்கேயே அச்சாகி, மாதத்துக்கு ஒரு முறை வெளிவந்த சாகசப் படக்கதையின் நாயகன். தோளில் கட்டம் போட்ட துண்டு. கூடவே பாபு மியான் என்ற சமையற்காரர். உலகத்தில் இருக்கும் கடல்களையெல்லாம் சுற்றியவன். இத்தனைக்கும் பிறந்த ஊரில் கடல் கிடையாது, பாலாறு உண்டு, அந்த ஆற்றில் தண்ணீர் கிடையாது. இப்படி ஒரு மாலுமியைப் பெற்றவர் கச்சபேசன் சார். கதையும் அவர், படமும் அவர். நான் எழுத்துக்காரி. பலூனுக்குள் இருக்கும் பேச்சு, வெளியே இருக்கும் டமால், தொப், சளக் எல்லாம் என் கை.

இப்போது அதைக் கம்ப்யூட்டர் எழுதுகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் கழுத்து வலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் இன்னும் சந்தோஷம்.

கந்தவேல் கதை எப்படி நின்றது என்பது பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசி இதழில் அவன் ஒரு பாழடைந்த கலங்கரை விளக்கத்துக்குள் மாட்டிக்கொண்டான். அடிச்சுவர் உடைந்து கடல் உள்ளே ஏறுகிறது. மார்பளவு தண்ணீரில் நின்று இரும்பு ஏணிப்படியை ஒரு கையால் பிடித்திருக்கிறான். அத்தோடு சரி. அடுத்த இதழ் வரவே இல்லை. அந்தத் தண்ணீரில் அவனைப் பல வருடம் நிற்க வைத்துவிட்டு, வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார் சார். அவன் வெளியே வருவதும் வராததும் அவருடைய ஒரு வார்த்தையில் இருந்தது. அந்த வார்த்தையை எப்படி வாங்கினோம் என்று சொல்லத்தான் இத்தனை பீடிகை.

எங்கள் குடும்பம் ஓரிக்கை. தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா ஒரு தூரிகையைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து வெளியே வந்தார். வாலாஜாபாத் பக்கம் அரிசி ஆலைகளின் பெயர்ப் பலகைகளில் பாதி அவர் எழுதியவை. சர்ச் சுவரில் வேத வசனம் எழுதுவார், மறுநாள் அதே கையால் சேமியா விளம்பரம் எழுதுவார், இரண்டுக்கும் ஒரே பக்தி. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று, "அப்பா, அந்த 'ழ' சாயுது" என்று கத்தியதுதான் என் படிப்பு. அந்தப் படிப்பை நம்பி அச்சகத்தில் வேலை கேட்டுப் போனேன்.

கச்சபேசன் சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதும்மா, ஐயோ."

எழுதினேன். பார்த்தார்.

"இது யாரோட ஐயோ?"

எழுதினதையே மறுபடி பார்த்தேன்.

"மலையிலேர்ந்து விழறவன் ஐயோ ஒண்ணு. எறும்பு கடிச்சவன் ஐயோ ஒண்ணு. வூட்டுக்கு மாமியார் வந்துக்கினு இருக்காங்கன்னு கேட்டவன் ஐயோ வேற. நீ எழுதினது யாருதும் இல்ல. பேங்க் போர்டுல எழுதற ஐயோ."

மூன்றையும் எழுதினேன். மாமியார் ஐயோவில் கடைசி எழுத்தைக் கொஞ்சம் கீழே சரிய விட்டேன், ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி. அவர் சிரிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். நமக்கு இங்கே இடமில்லை என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பைண்டிங்கில் இருந்த தனம் அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தினார். "எங்கம்மா போற? அவுரு கவுத்து வச்சிட்டாருன்னா எடுத்துக்கினாருன்னு அர்த்தம். நாளைக்கு வந்துடு."

சாரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். வேலை சரியாக இருந்தால் பக்கத்தைக் கவிழ்த்து வைப்பார், பேச்சு கிடையாது. பிழை இருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பிழை இருக்கும் இடத்தில் வைப்பார். அதன்பிறகு பேச்சு உண்டு, நிறையவே உண்டு. இந்த இரண்டுக்கும் லாயக்கில்லாத வேலையாக இருந்தால், பக்கத்தை மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருக்குது" என்பார். அதோடு அந்த வேலை செத்தது. முதலாளியின் மருமகன் ஒருமுறை தான் எழுதிய கவிதைகளைக் கொண்டுவந்து காட்டினார். சார் முழுக்கப் படித்துவிட்டு "நல்லா இருக்குது" என்றார். மருமகன் உச்சி குளிர்ந்து போய் அச்சகம் முழுக்க மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நாங்கள் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

எழுத்து வேலைக்கு ஒரு முறை இருந்தது. படம் பென்சிலில் இருக்கும்போதே பலகை என்னிடம் வந்துவிடும். பலகை என்பது தடித்த வெள்ளை அட்டைதான். வெளிர் நீலப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். அந்த நீலம் அச்சுக் கேமராவின் கண்ணுக்குத் தெரியாது. முதலில் பேச்சை எழுத வேண்டும், பிறகுதான் அதைச் சுற்றிப் பலூன். தைத்த சட்டையை வாங்கி வந்து அதற்கு ஏற்ற ஆளைத் தேடக் கூடாது என்பது சாரின் சட்டம். எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் தறிக்குழியில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தறி மரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, நாடாவை ஓட்டுகிற இடைவெளியில் ஒரு பலூன், அடுத்த இடைவெளியில் இன்னொரு பலூன் என்று படிப்பவர்கள். "அவன் குனிஞ்சி பாக்கறா மாதிரி எழுதாத எஸ்தரு. சேலையில ஓட்டை வுழுந்துச்சின்னா பாவம் உன்னையும் என்னையும்தான் சேரும்" என்பார்.

இன்னொரு முறையும் இருந்தது. அதுதான் எங்கள் எல்லாருடைய உயிரையும் வாங்கியது. ஒவ்வொரு இதழும் கந்தவேல் ஏதாவது ஆபத்தில் இருக்கும்போது முடியும். அந்தக் கடைசிப் படக்கட்டத்தைச் சார் மை போட்டு முடிக்கவே மாட்டார். அதே பலகையில், அதற்குப் பக்கத்திலேயே, அடுத்த இதழின் முதல் கட்டத்தைப் பென்சிலில் போடுவார். கடைசிக் கட்டத்தில் இருக்கும் கயிறோ கையோ அலையோ ஏதோ ஒன்று ஓரக் கோட்டைத் தாண்டி அடுத்ததற்குள் ஓட வேண்டும். அப்படி ஓடிய பிறகுதான் இரண்டுக்கும் சேர்த்து மை, அதன் பிறகுதான் பிளேடால் நறுக்கி அச்சுக்குக் கொடுப்பது. அடுத்த மாதக் கதை தோன்றும் வரை இந்த மாத இதழ் காத்துக் கிடக்கும். அச்சுக்கூடத்தில் மிஷின்காரர் தலையில் அடித்துக்கொள்வார். காரணம் கேட்டால் "கோடு அறுந்துடக் கூடாதும்மா" என்பதோடு சரி. பெரிய மனிதர்களின் பிடிவாதத்துக்குக் காரணம் தேடினால் நமக்குத்தான் தலைவலி என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு வந்த பெரிய சோதனையும் அந்தக் கோடு அறுந்ததால்தான் வந்தது. செவிலிமேட்டுப் பாலத்தருகே சார் ஸ்கூட்டரோடு விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் அதை எட்டிப் பார்க்கப் போய்த்தான் விழுந்தார். கட்டுப் போட்டாகிவிட்டது. இதழ் நிற்கக் கூடாது என்று முதலாளி சென்னையிலிருந்து ஓர் ஓவியரை அழைத்துவந்தார். நல்ல மனிதர், சுத்தமானவர், வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுப் போவார். அவர் வரைந்த கந்தவேலுக்கு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்த மாதிரி தோள்கள். பக்கங்களைச் சாருக்கு எடுத்துப் போய்க் காட்டினோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நல்லா இருக்குது" என்றார். ஓவியருக்கு முகம் மலர்ந்தது. நான் மைசூர்பாகை நினைத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் துப்புரவானவர் என்றேன் அல்லவா? மேசையைத் துடைத்த மாதிரியே கதையையும் துடைத்துவிட்டார். வில்லன் பிடிபட்டான், புதையல் கிடைத்தது, எல்லாரும் சிரித்தார்கள், கடைசியில் "முற்றும்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். எழுதுவதுதானே என் வேலை.

இதழ் கடைக்குப் போன மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சண்டை போட இல்லை. துக்கம் விசாரிக்க. பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரப் பெரியவர் ஒருவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னாமா ஆச்சி? தறிய எறக்கிட்டீங்களாமே?" என்றார். நெசவை விடுகிறவர்கள்தான் தறியை இறக்குவார்கள். பேருந்து நிலையத்துப் புத்தகக் கடைக்காரர் அடுத்த மாதம் இதழ்க் கட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதழ் நின்றுவிட்டதாக ஊர் முழுக்கப் பேச்சு. முதலாளிக்குக் கடன் கொடுத்த ஒருவர்கூட ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார், அதைத்தான் முதலாளியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒற்றை வார்த்தை எழுதி ஓர் அச்சகத்தையே மூடப் பார்த்த பெருமை எனக்கு உண்டு.

சார் செய்தியைக் கேட்டார். மறுநாள் கைக்கட்டோடு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். பலகையை எடுத்து இடது கையால் வரைய ஆரம்பித்தார். அவருக்கு இடது கை பழக்கமே இல்லை. கோடு பாம்பு மாதிரி நெளிந்தது.

"சார், கோடு ஆடுது" என்றேன்.

"ஆடட்டும். புயல்மா. கப்பல் ஆடுது, அதனால கோடு ஆடுது."

அந்த இதழ் முழுக்கப் புயல். மேசை ஆடியது, பாபு மியானின் தாடி ஆடியது, சோற்றுப் பானை ஆடியது. முதல் கட்டத்தில் "முற்றும்" என்ற வார்த்தையை மறுபடி என்னைப் பெரிதாக எழுதச் சொன்னார். அதைக் கப்பலின் மேல்தட்டில் கிடக்கும் மரக்கட்டை போல வரைந்தார். கந்தவேல் அதில் கால் இடறி நின்று, "யாருப்பா இதக் கொண்டாந்து நடுவழியில வச்சது?" என்கிறான். அடுத்த கட்டத்தில் அவனும் பாபு மியானுமாக அதைத் தூக்கிக் கடலில் போடுகிறார்கள். சளக் என்று ஒரு சத்தம். என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த சளக் அதுதான்.

கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளையார்பாளையத்துப் பெரியவரும் வந்தார், இந்த முறை வெற்றிலை பாக்கோடு. அன்றைக்குச் சார் சொன்னார், இனிமேல் தன் கையைத் தவிர வேறு கை கந்தவேலைத் தொடக் கூடாது என்று. முதலாளியும் சரி என்றார். அந்தச் சபதம் பின்னால் எங்கள் கழுத்தையே பிடிக்கும் என்று யார் கண்டது?

பிறகு நீண்ட காலம் நன்றாகத்தான் போனது. வயதான பிறகு சாருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. இது எலும்பு முறிவு மாதிரி கட்டுப் போட்டால் போகிற நடுக்கம் இல்லை. முதலில் தேநீர்க் குவளையில் தெரிந்தது, பிறகு கோட்டில். கொஞ்ச நாள் கந்தவேலின் கப்பல் அடிக்கடி புயலில் மாட்டியது. வாசகர்களுக்குச் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் காரணம் தெரியும்.

கலங்கரை விளக்க இதழின் கடைசிப் பலகை என் மேசைக்கு வந்தபோது, ஒன்றைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பேச்சு எழுதும் முன்பே பலூனைப் போட்டிருந்தார். அவர் சட்டத்தை அவரே மீறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "உள்ள இன்னா எழுதணும் சார்?" என்றேன். "வரும்" என்றார். காத்திருந்தோம். வரவில்லை. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மை போடாத பலகையைக் காலிப் பலூனோடு கேமராவில் படம் பிடித்து அச்சுக்கு அனுப்பினார். பெரிய புதுமை என்று சிலர் பாராட்டினார்கள். சார் வேலையை விட்டுச் செவிலிமேட்டில் வீட்டோடு இருந்துவிட்டார். அச்சகம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மாறியது. நானும் ஓய்வு பெறும் வரை மணமக்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன், அதில் ஐயோ எழுத வாய்ப்பே வரவில்லை.

அந்தப் பலூன் மட்டும் என்னை விடவில்லை. எவ்வளவு எழுத்து கொள்ளும் என்று பார்த்தாலே தெரிந்துவிடும் எனக்கு. காய் நறுக்கும்போது, ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, அதற்குள் எதையாவது போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதுவும் கந்தவேல் பேசுகிற பேச்சாக வரவில்லை. சார் மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. வயதான மனிதர் ஒரு வாலிபனைத் தண்ணீரில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா?

முதலாளியின் மகன் படக்கதையை மறுபடி தொடங்கலாம் என்று கிளம்பியபோது, பிரதீபாவை வேலைக்கு எடுத்தார். கண்ணாடித் தகடு மாதிரி ஒன்றின் மேல் குச்சியால் வரைகிற பெண். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. முழுசாக ஒரு புதுக் கதையை வரைந்து முடித்து, அச்சடித்து எடுத்துக்கொண்டு, "சார் கிட்ட நீங்க கூட்டிட்டுப் போங்க ஆன்ட்டி. அவர் ஓகே சொன்னாத்தான் போடுவோம்னு ஓனர் சொல்லிட்டார்" என்று வந்து நின்றாள். பார்த்தேன். துண்டில் கட்டம் சரியாக இருந்தது, தோள் அளவாக இருந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து வெளியே வந்து பல வருடம் ஆன கந்தவேல் புதுக் கப்பலில் போகிறான். எழுத்து கம்ப்யூட்டருடையது. அதில் வந்த ஐயோ எல்லாம் ஒரே ஐயோ. அதை நான் சொல்லவில்லை, என்னைப் பொறாமைக்காரி என்பார்கள்.

சார் வீட்டில் எங்களை நன்றாகத்தான் உட்கார வைத்தார்கள். அவர் பக்கங்களை மடியில் வைத்து, நடுங்கும் கையால் நிதானமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் முடிந்தது. அடுக்கிச் சீராக்கி, இரண்டு கையாலும் பிரதீபாவிடம் நீட்டினார்.

"நல்லா இருக்குதுமா."

அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "நல்லா இருக்குதுன்னா நல்லா இருக்குதுன்னுதானே ஆன்ட்டி அர்த்தம்?"

"ஊருக்கெல்லாம் அதான் அர்த்தம். சாருக்கு இல்ல."

"அப்ப நல்லா இருந்தா இன்னாதான் சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கவுத்து வைப்பாரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இறங்கும்போது பார்த்தால் அழவில்லை, முகம் கடுகடு என்று இருந்தது. "பழைய கடைசி இதழ் உங்க கிட்ட இருக்குதா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். அந்தக் கடைசிக் கட்டத்தைக் காட்டி, ஓரத்தில் ஏணிப்படி ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டாள். ஒரே பலகையில் இரண்டு கட்டம் வரைகிற சாரின் பிடிவாதத்தைச் சொன்னேன். கோடு அறுந்துவிடக் கூடாது என்று அவர் சொல்வதையும் சொன்னேன்.

"ஐயோ ஆன்ட்டி" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அது புது மாதிரியான ஐயோ, என்னிடம் இல்லாதது. "எங்கப்பா பாவு பிணைக்கிறவரு, தறியில நீளவாக்குல ஓடற நூலு. ஒரு பாவுல சேலை நெஞ்சி முடிச்சா, நூல மொத்தமா உருவிட மாட்டாங்க. தறி அச்சுப் பல்லுல கொஞ்சம் மிச்சம் வச்சிடுவாங்க. புதுப் பாவு வந்ததும் எங்கப்பா ஒக்காந்து, பழைய நூல் ஒண்ணு, புது நூல் ஒண்ணு, ஒவ்வொண்ணா முறுக்கிப் பிணைப்பாரு. அப்பறம் பழசு இழுக்கும், புதுசு பின்னாலயே உள்ள வந்துரும். மிச்சம் இல்லாம அறுத்துட்டா, ஒரு ஒரு நூலா முதல்லேர்ந்து கோக்கணும். தறிய எறக்கறவங்கதான் அப்படி அறுப்பாங்க. சார் மிச்சம் வச்சிருக்காரு. நான் பாட்டுக்குப் புதுப் பாவைத் தூக்கினு போய் நீட்டிட்டேன்."

எத்தனை வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் தறியை இறக்கிவிட்டீர்களா என்று கேட்டாரே, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் தறி கிடையாது. சொல்லிக்கொடுக்கும் வழக்கம் சாருக்கும் கிடையாது. இந்தப் பெண் இட்லித் தட்டு காய்வதற்குள் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் முறை போனபோது அவள் பக்கம் எதையும் எடுத்து வரவில்லை. ஒரு பென்சில் மட்டும். "சார், அந்தக் கடைசிப் பலகை இருக்குதா?" என்றாள்.

சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா பீரோவின் மேலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய பலகையை இறக்கினார். முதலாளி அச்சுக்குப் படம்தான் எடுத்திருந்தார், பலகையை நறுக்கச் சார் விடவில்லை. பிரித்தோம். வலது பக்கம் அடுத்த கட்டத்துக்குச் சட்டம் போட்டு வெறுமையாக விட்டிருந்தது. என் வெளிர் நீலக் கோடுகள்கூட இன்னும் இருந்தன.

பிரதீபா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாதியில் நின்ற ஏணிப்படியை ஓரத்தைத் தாண்டி இழுத்து, அடுத்த படியைப் போட்டாள். கந்தவேலின் மற்றொரு கை அதை எட்டுகிற மாதிரி வரைந்தாள். கீழே தண்ணீருக்கு ஒரு கோடு.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, அதைப் பலகையில், அந்தக் கையின் மேல் வைத்தார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டார்!

"ஈரக் கைம்மா. துரு புடிச்ச கம்பி. இப்படிப் பூ மாதிரி புடிச்சா வழுக்கிடாது? விரல மடக்கு. துண்டு ஏன் பறக்குது? நனைஞ்ச துண்டு தொங்கணும். இது இன்னா தண்ணியா? தட்டுல ஊத்தி வச்சா மாதிரி நிக்குது. கடலு உள்ள பூந்துக்கினு இருக்குது, சும்மாவா நிக்கும்?"

அவள் கையையும் துண்டையும் மாற்றினாள். தண்ணீரை அழித்துவிட்டு, பென்சிலை அவரிடம் நீட்டினாள். "தண்ணி நீங்க போடுங்க சார்."

அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். "நடுங்குதும்மா. பாக்கறல்ல?"

"தண்ணியும் நடுங்கத்தான் சார் செய்யும்" என்றேன் நான். "அன்னிக்குப் புயல் போட்டது நெனப்பிருக்குதா?"

அவர் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே பென்சிலை வாங்கினார். பழைய கட்டத்தில் கந்தவேலின் மார்பருகே தொடங்கினார். கை நடுங்கியது, கோடு நடுங்கியது, அலை நடுங்கிக்கொண்டே ஓரத்தைத் தாண்டிப் புதுக் கட்டத்துக்குள் போனது. அந்த மாதிரித் தண்ணீரை நல்ல கை உள்ள காலத்தில்கூட அவர் வரைந்ததில்லை.

மை போட்டு முடித்த பிறகு எனக்குப் பேனாவைத் தேடிக் கொடுத்தார்கள். காலிப் பலூன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "இப்ப சொல்லுங்க சார். இன்னா பேசறான்?"

யோசிக்கவே இல்லை. இத்தனை வருடம் அவர் வாயில் அது தயாராக இருந்திருக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை. "பாபு மியான், இதுல பாதித் தண்ணி எங்க பாலாத்துல வந்தாப் போதும்பா."

"இடம் பத்தாது சார்."

"பத்த வை."

எழுதினேன். கடைசி எழுத்து பலூனின் ஓரத்தை இடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த இதழின் முதல் பக்கத்தில் நீங்கள் பார்த்தது அதுதான். மீதியெல்லாம் கம்ப்யூட்டர், பிரதீபா, அவளோடு இருக்கும் பிள்ளைகள்.

சார் மை காய்ந்துவிட்டதா என்று விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பழைய கட்டத்திலிருந்து புதுக் கட்டம் வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு பலகையை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவியிடம் காபி கேட்டார்.

பிரதீபா விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள்.

அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு ஏம்மா அழுவுது எஸ்தரு? நான் நல்லா இருக்குதுன்னு ஒண்ணும் சொல்லலியே."